லாலாங் புல்லும் அத்தையின் வயிறும்

சாப்பிட்டுக்கொண்டே ஞாயிறு பத்திரிகை படிக்கும் பழக்கம் உள்ளவர்கள், இந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்துவிட்டு, கை கழுவிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் மலத்தைப் பற்றி எழுதுகிறேன். நாசூக்கான வேறு சொல் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் விஷயத்தை மூடி மறைக்கத்தான் உதவும் போலிருந்தது.

என் அத்தையிலிருந்து தொடங்குகிறேன். அப்பாவுடன் பிறந்த அக்கா. வயது 68. கோலசிலாங்கூர் மாவட்டத்தில், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். முதலில் பால்மரம் வெட்டினார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, முதுகில் தொட்டியைச் சுமந்து புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை. இப்போது பெஸ்தாரி ஜெயாவில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். அந்த ஊரை அவர் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார். பதினைந்து வருடமாக இனிப்பு நீர்.

போன வருடம் அவருக்கு வலது கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. இனிப்பு நீர் உள்ளவர்களின் காலில் புண் என்றால் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், எதற்குப் பயப்பட வேண்டும் என்று. அத்தையின் கணவருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதனால் அத்தை ஒரு நாளும் தாமதிக்கவில்லை. ஊரில் இருந்த ஒரு கிளினிக்கில் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஆறவில்லை. வேறு ஆன்டிபயாடிக் ஒரு வாரம். பிறகு மூன்றாவதாகக் கிளிண்டாமைசின். இடையில் பக்கத்து வீட்டு அம்மா, “எனக்குக் கொடுத்தது மீதி இருக்கு, இதையும் போட்டுப் பாருங்க” என்று கொடுத்த மாத்திரைகளும் சேர்ந்துகொண்டன. புண் ஆறிவிட்டது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. விரல் தப்பியது.

பத்து நாள் கழித்து அத்தை எனக்குப் போன் செய்தார். நான் கிள்ளானில் மருந்தாளராக வேலை பார்ப்பவன். குடும்பத்தில் யாருக்கு எது வந்தாலும் முதல் போன் எனக்குத்தான்.

“தம்பி, வயிறு நிக்காம போகுது.”

“எத்தனை தடவை அத்தை?”

“காலையிலிருந்து ஏழு எட்டு.”

“வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“வெள்ளிக்கிழமை கோயில்ல சாப்பிட்டேன்.”

பழியைக் கோயில் சாம்பார் மேல் போட்டேன். போக்கை நிறுத்தும் லோப்பரமைட் மாத்திரையின் பெயரைச் சொல்லி, வாங்கிப் போடச் சொன்னேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்கச் சொன்னேன். கேட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: “கடந்த இரண்டு மூன்று மாதத்தில் ஆன்டிபயாடிக் ஏதும் சாப்பிட்டீர்களா?” தினமும் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிற கேள்வி. சொந்த அத்தையிடம் கேட்கத் தோன்றவில்லை. சொந்தக்காரர்கள் என்றால் நாம் பாதி கேள்விக்கு நாமே பதில் சொல்லிக்கொள்கிறோம்.

நான்கு நாளில் அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சல், வயிறு உப்பல், இரத்தத்தில் உப்புச் சத்து இறங்கியிருந்தது. மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்த பெயர்: கிளாஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில். மருத்துவர்கள் சுருக்கமாகச் ‘சி. டிஃப்’ என்பார்கள். நான் சொன்ன லோப்பரமைட் அந்த நோய்க்கு உதவாது என்பது மட்டுமல்ல, கெடுதலும் செய்யக்கூடும். கிருமி உமிழும் நஞ்சு வெளியேறாமல் குடலுக்குள்ளேயே தேங்கி நிற்க அது வழிசெய்துவிடும்.

இந்தக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான பலருடைய குடலிலும் இது சத்தமில்லாமல் இருக்கும். பச்சைக் குழந்தைகளின் குடலில் சர்வ சாதாரணம். ஒன்றும் செய்யாது. காரணம், பெருங்குடலில் நூற்றுக்கணக்கான வகை நுண்ணுயிர்கள் கோடானு கோடியாகக் குடியிருக்கின்றன. இடமும் உணவும் அவற்றுக்கே சரியாகப் போய்விடும். கல்லீரல் சுரக்கும் பித்த உப்புகளை அவற்றில் சில உடைத்து வேறு வடிவமாக மாற்றுகின்றன. அந்த மாறிய வடிவம் சி. டிஃப்பை வளரவிடாது. ஆன்டிபயாடிக் போனால் புண்ணில் இருக்கும் கிருமியோடு சேர்த்து இந்தக் குடிகளையும் அடித்துவிடுகிறது. மாற்றப்படாத பித்த உப்பு அப்படியே பெருங்குடலுக்கு வருகிறது. விதை போல உறங்கிக் கிடந்த சி. டிஃப்புக்கு அதுவே முளைக்கும் சமிக்ஞை. முளைத்து, பெருகி, நஞ்சை உமிழ்ந்து, குடல் சுவரைப் புண்ணாக்குகிறது. வயதானவர்களும், நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களும், ஒன்றன் மேல் ஒன்றாக ஆன்டிபயாடிக் எடுத்தவர்களும் எளிதில் மாட்டிக்கொள்வார்கள். இதனால் உயிர் போவதும் உண்டு.

அத்தைக்கு வேன்கோமைசின் கொடுத்தார்கள். வழக்கமாக ஊசியில் ஏற்றும் மருந்து அது. இந்த நோய்க்கு மட்டும் வாய்வழியாகக் கொடுப்பார்கள், ஏனென்றால் குடித்தால் இரத்தத்தில் கலக்காமல் குடலிலேயே தங்கி வேலை செய்யும். இந்த மருந்து பிறந்த இடம் நமக்குத் தூரமில்லை. போர்னியோ காட்டிலிருந்து ஒரு பாதிரியார் அனுப்பிய மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்துதான், 1950-களின் தொடக்கத்தில், எலி லில்லி நிறுவனத்தார் இதைப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1958-இல். இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

பத்து நாள் மருந்தில் அத்தை தெளிந்தார். வீட்டுக்கு வந்து மூன்றே வாரத்தில் மறுபடியும் அதே வயிறு. முதல் முறை குணமானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படித் திரும்புகிறது. ஒருமுறை திரும்பியவர்களுக்கு இன்னொரு முறை திரும்பும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

இரண்டாவது முறை குடல் நோய் நிபுணர் வந்து பார்த்தார். இளம் மலாய்க்காரப் பெண் மருத்துவர். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, மலாயில் நிதானமாக விளக்கினார். இந்த முறை அதே மருந்தைப் பல வாரங்களுக்கு, அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் கொடுத்துப் பார்ப்போம். அப்படியும் திரும்பினால், ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து நல்ல கிருமிகளை எடுத்து உங்கள் குடலில் சேர்க்கும் சிகிச்சை இருக்கிறது, அதைப் பற்றி யோசிக்கலாம் என்றார். ‘பெமிண்டாஹான் நஜிஸ்’ என்ற சொல் அத்தையின் காதில் விழுந்தது. நஜிஸ் என்றால் என்னவென்று இந்த நாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அத்தை என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

மருத்துவர் போன பிறகு, “அந்தப் பிள்ளை சொன்னது நெசமா தம்பி?” என்று கேட்டார்.

நெசம்தான் என்று சொல்லி, எனக்குத் தெரிந்த வகையில் விளக்க ஆரம்பித்தேன். குடல் என்பது ஒரு காடு மாதிரி, ஆன்டிபயாடிக் அதை அழிக்கும்போது என்று தொடங்கினேன். அத்தை பாதியில் நிறுத்திவிட்டார்.

“லாலாங் மாதிரியா?”

தோட்டத்துப் பக்கம் வளராத இளம் வாசகர்களுக்காக: லாலாங் ஒரு புல். காட்டையோ பழைய மரங்களையோ அழித்து நிலம் வெறிச்சோடினால் முதலில் ஏறுவது அது. வெட்டினாலும், கொளுத்தினாலும், மண்ணுக்கு அடியில் ஓடும் தண்டு பிழைத்துக்கொண்டு மறுபடியும் முளைக்கும். மறுநடவு செய்யும் தோட்டங்களில் அதற்காகவே, இளம் கன்றுகளுக்கு இடையில் தரையை மூடிப் படரும் கொடிகளை விதைப்பார்கள்.

“மருந்தடிச்சா மேல காயும். கிழங்கு உள்ள இருக்கும். ஒரு மழை பெஞ்சா போதும். நான் எத்தனை வருசம் அடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? கொடி ஏறி நெழல் விழுந்தாத்தான் அது அடங்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “அப்போ அந்தக் கொடியத்தான் எவன் வயித்திலேருந்தோ எடுத்து விடப் போறாங்க. அப்படித்தானே?” என்றார்.

நான் கருத்தரங்குகளில் கேட்ட விளக்கம் எதுவும் இவ்வளவு கச்சிதமாக இருந்ததில்லை. சி. டிஃப்பின் விதைகளை வேன்கோமைசின் கொல்லாது. முளைத்ததைத்தான் கொல்லும். மருந்து நின்றதும் விதை முளைக்கிறது. நிழல் கொடுக்க ஆளில்லை.

இது புதுமையான யோசனையும் அல்ல. சீனாவில் கி.பி. 4-ஆம் நூற்றாண்டிலேயே கே ஹொங் என்ற வைத்தியர், கடுமையான வயிற்றுப்போக்குக்கு மலக் கரைசலைக் குடிக்கக் கொடுத்ததாக அவருடைய மருத்துவக் கையேட்டில் இருக்கிறது. நவீன மருத்துவத்தில், அமெரிக்காவின் டென்வர் நகரில் பென் ஐஸ்மேன் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய சகாக்களும், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு குடல் அழற்சி வந்து உயிருக்குப் போராடிய நான்கு பேருக்கு, ஆரோக்கியமானவர்களின் மலத்தைக் கரைத்து எனிமாவாகக் கொடுத்தார்கள். நால்வரும் தேறினார்கள். அந்தக் கட்டுரை வெளிவந்த ஆண்டு 1958. போர்னியோ மண்ணிலிருந்து வந்த மருந்துக்கு அனுமதி கிடைத்த அதே ஆண்டு. கைக்கு அடக்கமான மருந்து ஒன்று இருக்கும்போது எனிமா வாளியை யார் தூக்குவார்கள்? இந்த நோய்க்கெல்லாம் சி. டிஃப்தான் பெரும்பாலும் காரணம் என்பதே 1978-இல்தான் உறுதியானது. ஐஸ்மேனின் வைத்தியம் பல பத்தாண்டுகள் ஓரமாகக் கிடந்தது. அங்கங்கே சில மருத்துவர்கள் மட்டும், வேறு வழியே இல்லாத நோயாளிகளுக்குச் செய்துகொண்டிருந்தார்கள்.

நிலைமையைத் திருப்பியது நெதர்லாந்து மருத்துவர்கள் நடத்திய ஓர் ஆய்வு. 2013 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். வேன்கோமைசின் மட்டும் சாப்பிட்ட 13 பேரில் 4 பேர் குணமானார்கள். வேன்கோமைசினோடு குடலையும் கழுவிவிட்ட 13 பேரில் 3 பேர். மூக்கு வழியாகக் குழாய் விட்டு மலக் கரைசலைக் குடலுக்குள் செலுத்திய 16 பேரில், ஒரே முறையில் 13 பேர். மிச்சம் மூன்று பேருக்கு வேறொருவர் கொடுத்த மலத்தை இரண்டாம் முறை செலுத்தியதில் மேலும் இருவர். 120 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட ஆய்வைப் பாதிக்கும் முன்பே நிறுத்திவிட்டார்கள். வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரியும்போது, மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பது சரியாகப் படவில்லை.

இதையெல்லாம் ஆஸ்பத்திரிக் கேண்டீனில் மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று இரவே குடும்ப வாட்ஸாப் குழுவில் விவாதம் கிளம்பிவிட்டது. ஒரு சித்தப்பா, நம் முன்னோர்கள் பஞ்சகவ்யத்தில் இதையெல்லாம் அன்றைக்கே செய்துவிட்டார்கள் என்று ஒரு நீண்ட செய்தியை அனுப்பினார். மாட்டுச் சாணத்தில் இருப்பது மாட்டுக் குடலின் கிருமிகள், அத்தையின் குடலில் இருந்து போனது மனிதக் குடலின் கிருமிகள், இரண்டும் ஒன்றல்ல என்று பதில் போட்டேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அதே செய்தியை இன்னொரு குழுவுக்கு அனுப்பினார். தயிர் சாப்பிட்டால் போதாதா, கடையில் விற்கும் புட்டிப் பால் போதாதா என்று பெண்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவற்றில் இருப்பது சில வகைக் கிருமிகள் மட்டும். அழிந்த காட்டுக்கு நாலு துளசிச் செடி நட்ட மாதிரி.

பழைய சோறு பற்றி அத்தையே கேட்டார். அதில் ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வேகவைத்து ஆறவிட்ட சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பங்கு, சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடும். அப்படிச் செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போனால், அங்குள்ள கிருமிகள் அதை நொதிக்கவைத்துச் சில அமிலங்களை உண்டாக்கும். அந்த அமிலங்கள் உப்பையும் தண்ணீரையும் உடம்புக்குள் இழுக்க உதவும். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பாலகிருஷ்ணன் ராமகிருஷ்ணாவும் சகாக்களும் இதை வைத்து ஒரு காரியம் செய்தார்கள். காலரா வந்த 48 பேரில் ஒரு பிரிவினருக்கு, உப்புச் சர்க்கரைக் கரைசலோடு இத்தகைய செரிக்காத சோள மாவைக் கலந்து கொடுத்தார்கள். அவர்களுக்குப் பேதி சீக்கிரம் நின்றது. 2000-ஆம் ஆண்டில், மேலே சொன்ன அதே நியூ இங்கிலாந்து இதழில் வெளியானது. வெளியிலிருந்து கிருமியைக் கொண்டுவராமல், உள்ளே இருக்கும் கிருமிகளுக்கே தீனி போட்டு வேலை வாங்கிய கெட்டிக்காரத்தனம். என் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தவர். பேதிக்கு அவர் கொடுத்ததெல்லாம் கேயோலின் கலந்த வெள்ளைத் தண்ணி மருந்தும், அரிசிக் கஞ்சியும். இந்தக் கட்டுரையைப் படித்தபோது கஞ்சிக்காக அவரை நினைத்துக்கொண்டேன். ஆனால் உள்ளே கிருமிக் குடிகளே காலியாகிவிட்ட அத்தைக்குத் தீனி மட்டும் போட்டு என்ன பயன்? பழைய சோறு நல்லது அத்தை, ஆனா இதுக்கு மருந்து அது இல்ல என்றேன்.

அடுத்த கேள்வி, யார் கொடுப்பது? சிறுநீரகம் கொடுக்க முன்வருகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அழுகையும் கட்டிப்பிடிப்புமாக இருக்கும். இதற்கு மச்சானின் பிள்ளைகள் மூவரும் ஒரே நேரத்தில் போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைசியில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேத்தி, “பாட்டி, நான் தர்றேன். ஆனா இன்ஸ்டாகிராம்ல போட மாட்டேன்” என்றாள்.

அப்போது அத்தை சொன்னதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்தில் வாளிக் கக்கூஸ். லயத்துக்குப் பின்னால் வரிசையாக இருக்கும். விடிவதற்குள் ஒருவர் வந்து வாளிகளை எடுத்துப் போவார். “அவரு வீட்டுல நாங்க தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல. தீபாவளிக்குப் பலகாரம் நாங்க கொடுப்போம், அவங்க கொடுத்தா வாங்க மாட்டோம். அவரு பொண்ணு என்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சா. அவகிட்டயும் வாங்கினதில்ல.” பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “நம்ம கழிச்சத அவரு தொட்டாருன்னு தானே? இப்ப டாக்டரு யாரோ கழிச்சத எனக்கு உள்ளயே வைக்கிறேங்கிறாங்க. சரின்னு தலைய ஆட்டிட்டேன்” என்றார். அறையில் யாரும் பேசவில்லை. பேத்தி மட்டும், “அந்தத் தாத்தா பேரு என்ன பாட்டி?” என்று கேட்டாள். அத்தைக்குப் பெயர் தெரியவில்லை. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம்.

பேத்தி முன்வந்தது பெரிய மனசு. ஆனால் மனசு மட்டும் போதாது. கொடுப்பவரின் இரத்தத்தையும் மலத்தையும் சோதிப்பார்கள். கல்லீரல் அழற்சி, எச்.ஐ.வி., குடற்புழு, மருந்துக்கு அடங்காத கிருமிகள் எல்லாம் பார்ப்பார்கள். அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் தள்ளப்படுவார்கள். உடல் பருமன், இனிப்பு நீர் உள்ளவர்களும் அப்படியே. நம் குடும்பங்களில் இந்தக் கடைசி வரியோடு பாதிப் பேர் கழிந்துவிடுவோம். அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய ஓப்பன்பயோம் என்ற மல வங்கியில், கொடுக்க வந்த நூறு பேரில் மூன்று பேர் தேறினாலே அதிகம். அரசாங்க வேலைக்கான நேர்முகத் தேர்வு இதைவிட எளிது. நம் பக்கத்தில் சிங்கப்பூரிலும் அமிலி என்ற நிறுவனம் 2019 முதல் இத்தகைய வங்கியை நடத்துகிறது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 2019 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த இரண்டு பேருக்கு ஒரே நபரின் மலத்திலிருந்து சிகிச்சை. அந்த மலத்தில் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஈ. கோலை கிருமி இருந்ததை முன்கூட்டிச் சோதித்திருக்கவில்லை. இருவருக்கும் கிருமி தொற்றியது. ஒருவர் இறந்துபோனார். இன்னொன்று சற்று வேடிக்கையானது, 2015-இல் மருத்துவ இதழில் பதிவானது. சி. டிஃப் வந்த 32 வயது அமெரிக்கப் பெண்ணுக்கு அவருடைய பதின்ம வயது மகள் கொடுத்தாள். நோய் போய்விட்டது. ஆனால் அதுவரை பருமனே இல்லாத அந்தத் தாய் 16 மாதத்தில் 15 கிலோ ஏறினார். மகள் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவள். மலம்தான் காரணமா, நோய் தீர்ந்து பசி திரும்பியது காரணமா என்று ஒரே ஒருவரை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் பருமனானவர்களிடம் வாங்குவதில்லை என்று மருத்துவர்கள் உஷாராகிவிட்டார்கள்.

யூடியூப்பைப் பார்த்து வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்து எனிமா கொடுக்கிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். நம் ஊரில் யாரும் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவைக்கிறேன்: வேண்டாம். மேலே சொன்ன ஈ. கோலை கண்ணுக்குத் தெரியாது.

இப்போது இது மாத்திரையாகவும் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஆசனவாய் வழியே செலுத்தும் ரெபையோட்டா 2022 நவம்பரில் அனுமதி பெற்றது. வவுஸ்ட் என்ற கேப்சூல் 2023 ஏப்ரலில். தினம் நான்கு வீதம் மூன்று நாள் விழுங்க வேண்டும். கொடுத்தவர்களின் மலத்திலிருந்து குறிப்பிட்ட நல்ல கிருமிகளின் விதைகளை மட்டும் பிரித்தெடுத்து அடைத்தது. இரண்டுமே திரும்பத் திரும்ப வரும் சி. டிஃப்பைத் தடுக்க மட்டும்தான். பெருங்குடல் புண் நோய்க்கும் இதைச் செய்து பார்க்கிறார்கள். பஞ்சாபின் லூதியானாவில் மருத்துவர் அஜித் சூட் குழுவினர் அந்த நோய்க்கு நிறையச் செய்திருக்கிறார்கள். இனிப்பு நீர், மூட்டுவலி, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் இதுதான் தீர்வு என்று யாராவது பொட்டலம் விற்க வந்தால், பர்ஸை உள்ளே வையுங்கள்.

அத்தைக்கு இது எதுவும் தேவைப்படவில்லை. சொல்லப்போனால் பேத்தி ஏமாந்துபோனாள். அளவைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்த வேன்கோமைசின் வேலை செய்தது. அந்த வாரங்களில் வீட்டில் ஓர் ஒழுங்கு வந்தது. கக்கூஸைக் குளோரோக்ஸ் போட்டுக் கழுவினார்கள். புட்டியில் அடைத்த கைச் சுத்தத் திரவம் இந்தக் கிருமியின் விதையைக் கொல்லாது என்று நான் சொன்னதும், மச்சான் கோவிட் காலத்தில் வாங்கி அடுக்கிய புட்டிகளை வருத்தத்தோடு பார்த்தார். சோப்புப் போட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் விதை கையைவிட்டுப் போய்விடும். அத்தை, மளிகைக் கடை காலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்திலும் எத்தனை தடவை போனார் என்று கோடு போட்டு வைத்தார். கடைசி வேளை மருந்துக்குப் பிறகு எட்டு வாரம் கண்காணிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எட்டாவது வாரம் நான் போனபோது, கட்டத்துக்கு ஒரு கோடு. சில நாள் அதுவும் இல்லை.

“இப்ப என்ன, மலச்சிக்கலா?” என்றேன்.

“அதுக்கு மருந்து ஒண்ணும் சொல்லாதே” என்றார்.

பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். தோட்டத்துக் காலத்து டின், மூடியில் இருந்த படம் அழிந்துவிட்டது. திறந்து பார்த்தேன். அமொக்சிசிலின் அரை அட்டை. கிளோக்சாசிலின் ஒரு பொட்டலம், மேலே பக்கத்து வீட்டு அம்மாவின் பெயர். எப்போதோ மச்சானின் பல் வலிக்குக் கொடுத்தது. பேரனின் தொண்டைக்குக் கொடுத்தது. 1952-ஆம் ஆண்டு நஞ்சுப் பொருள் சட்டப்படி, மருத்துவர் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூட நான் கவுண்டரில் எடுத்துக் கொடுக்க முடியாத மருந்துகள். அத்தை வீட்டு அலமாரியில் ஒரு சிறு மருந்தகமே நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீடுகளுக்கும் இங்கிருந்துதான் போயிருக்க வேண்டும். கொடுத்தும் வாங்கியும் பழகியவர்கள்.

“எல்லாத்தையும் கொண்டு போ. அரசாங்க கிளினிக்குல திருப்பி வாங்கிக்குவாங்கன்னு சொன்னியே.”

ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டேன். அடியில் லோப்பரமைட் அட்டை ஒன்று கிடந்தது. பத்தில் நான்கு போயிருந்தது.

“அது நீ சொல்லி வாங்கினது, தம்பி” என்றார் அத்தை. “அதையும் எடுத்துக்க.”